இருநூறு கோடி டாலருக்கு ஒரு கப்பலா, இரண்டு கப்பலா?

1988-இல் 'சாவரின் ஆஃப் தி சீஸ்' ஓடத் தொடங்கியபோது, கடலில் இருந்த பயணிகள் கப்பல்களில் அதுதான் பெரியது. கொள்ளளவு ஏறக்குறைய 73,000 டன். எட்டே ஆண்டுகளில் 'கார்னிவல் டெஸ்டினி' ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. 2009-இல் 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' வந்தபோது கணக்கு 2.25 லட்சம். 2024 ஜனவரியில் மயாமியில் இருந்து முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன்.

இந்த டன் எடையைக் குறிப்பதல்ல. கப்பலின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கான அளவு. குரூஸ் எனும் உல்லாசக் கப்பல் பயணத் தொழிலில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கே விற்பதே இடம்தான்.

சாவரின், ஒயாசிஸ், ஐகான் மூன்றும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்கள். அது போட்ட பாதையில் மற்ற நிறுவனங்களும் வந்துவிட்டன. எம்.எஸ்.சி.யின் 'வேர்ல்ட் யூரோப்பா' 2022-இல் 2.15 லட்சம் டன்னோடு வந்தது. கார்னிவல் 2024-இல் இத்தாலியின் ஃபின்கான்டியேரி என்ற கப்பல் கட்டும் தளத்திடம் தலா 2.3 லட்சம் டன்னை நெருங்கும் மூன்று கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. டெலிவரி 2029, 2031, 2033. நார்வீஜியன் குரூஸ் லைன் அதே ஆண்டு, அதே தளத்தில், 2 லட்சம் டன் அளவில் நான்கு கப்பல்களை அறிவித்தது. கடைசிக் கப்பலின் ஆண்டு 2036.

இப்போது எட்டுப் பத்துக் கப்பல் வைத்திருக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2030-களின் தொடக்கத்தில் ஒரு கட்டும் தளத்தில் இடம் கிடைக்கிறது. கையில் இருநூறு கோடி டாலர் அளவுக்குக் கடன் திரட்டும் தெம்பு இருக்கிறது. என்ன வாங்குவது? ஒரு ராட்சதக் கப்பல் வாங்கலாம். அந்தப் பணத்துக்கு 1.3 லட்சம் டன் அளவில் இரண்டு கப்பலுக்குப் பேரம் பேசலாம். ஆயிரம் பேர் ஏறும் சிறிய கப்பல்களை வரிசையாகக் கட்டலாம். புதிதாக எதுவும் வாங்காமல், இருப்பதை வெட்டி ஒட்டிப் புதுப்பிக்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட நிறுவனம் ராட்சதக் கப்பலுக்குப் போகக் கூடாது. இரண்டு நடுத்தரக் கப்பல்கள்தான் சரி. ஆனால் ராட்சதக் கப்பலை ஏளனம் செய்துவிட்டு இந்த முடிவுக்கு வர முடியாது. அதன் கணக்கு உண்மையாகவே பலமானது.

ராட்சதக் கப்பலின் கணக்கு

கப்பல் இரண்டு மடங்கு பெரிதானால் செலவு இரண்டு மடங்கு ஆவதில்லை. உள்ளே இருக்கும் இடம் வளரும் வேகத்தில் தண்ணீரைத் தொடும் உடல்பகுதி வளராது. அதனால் ஒரு பயணிக்கு ஆகும் எரிபொருள் குறைகிறது. கேப்டன் ஒருவர்தான். கப்பலை ஓட்டும் அறையும் ஒன்றுதான். இயந்திரப் பகுதியின் ஆட்கள் பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகுவதில்லை. ஐகானில் அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள், 2,350 ஊழியர்கள். வைக்கிங் நிறுவனத்தின் 930 பேர் கப்பலில் ஏறக்குறைய இரண்டு பயணிக்கு ஓர் ஊழியர் என்றால், ஐகானில் 2.4 பயணிக்கு ஒருவர். சிறிய வித்தியாசமாகத் தெரியும். முப்பது ஆண்டுச் சம்பளத்தால் பெருக்கிப் பார்த்தால் சிறியதல்ல.

பெரிய கப்பல் என்றாலே நெரிசல் என்று பலர் நினைக்கிறார்கள். கொள்ளளவைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் வேறு படம் கிடைக்கிறது. சாவரினில் ஒருவருக்கு 32 டன் அளவு இடம், ஒயாசிஸில் 42, ஐகானில் 44. ஆனால் இது அறைக்கு இருவர் கணக்கு. பள்ளி விடுமுறையில் மூன்றாவது, நான்காவது படுக்கையிலும் குழந்தைகள் படுக்க, ஐகான் தன் உச்சமான 7,600 பேரோடு கிளம்பினால் அந்த 44 சுருங்கி 33-க்குக் கீழே போகிறது. குரூஸ் தொழிலில் நூறு சதவீதம் நிரம்பியது என்றால் எல்லா அறையிலும் இருவர் என்று பொருள். குடும்பங்கள் வரும் கப்பல் நூற்றைத் தாண்டித்தான் ஓடும். லாபம் ஊறுவதும் அந்தக் கூடுதல் படுக்கைகளில்தான். அறை ஏற்கெனவே விற்றுவிட்டது. கூட வரும் குழந்தைக்கான செலவு குறைவு, அந்தக் குழந்தைக்காகப் பெற்றோர் கப்பலில் செய்யும் செலவோ அதிகம்.

இன்னொரு பலம், கப்பலே விளம்பரம் ஆகிவிடுவது. ஏழு நீச்சல் குளங்கள், ஆறு நீர்ச்சறுக்குகள், தூக்கி வைக்கும்போதே 363 டன் எடை இருந்த கண்ணாடிக் குவிமாடம். ஐகான் கிளம்புவதற்குப் பல மாதங்கள் முன்பே உலகம் முழுக்க அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுத்தரக் கப்பல் எதற்கும் இந்த வரவேற்பு கிடைக்காது.

இதையெல்லாம் முழுதாக லாபமாக்குவது ராயல் கரீபியனின் சொந்தத் தீவு. பஹாமாஸில் உள்ள கோகோகேயில் 25 கோடி டாலர் செலவிட்டு 2019-இல் நீர்ச்சறுக்குகளோடு ஒரு கேளிக்கைத் தலத்தைத் திறந்தார்கள். கப்பல் அணையும் துறை அவர்களுடையது, கடற்கரை அவர்களுடையது, அங்கே விற்கும் குளிர்பானமும் அவர்களுடையது. கிளம்பும் முனையத்தையும் விடவில்லை. மயாமியில் 2018-இல் தங்களுக்கென்றே ஒரு முனையம் கட்டினார்கள். எம்.எஸ்.சி.க்கு ஓஷன் கே இருக்கிறது. 2025 ஜூலையில் கார்னிவல், கிராண்ட் பஹாமாவில் 'செலிப்ரேஷன் கீ'யைத் திறந்தது. ராட்சதக் கப்பலின் வெற்றிக் கதைகளில் பெரும்பாலும் கப்பலைத் தவிர இன்னும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: கிளம்பும் துறை, போய்ச் சேரும் துறை. கப்பலை மட்டும் ஆர்டர் செய்துவிட்டு அதே லாபத்தை எதிர்பார்க்கும் நிறுவனங்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை

அந்தக் கவலை வெறும் பயமல்ல என்பதற்கு, பயணம் முடிந்து அடுத்த பயணம் தொடங்கும் நாளைப் பாருங்கள். மயாமியில் ஐகானுக்கு அது சனிக்கிழமை. விடிகாலையில் கப்பல் கட்டப்படுகிறது, மாலையில் கிளம்பிவிட வேண்டும். இடையில் கிடைப்பது ஒரு பகல். அதற்குள் ஐயாயிரத்து அறுநூறு பேர் இறங்க வேண்டும், அதே அளவு பேர் ஏற வேண்டும். ஆளுக்கு ஒரு பெட்டி என்று வைத்தாலும் பதினோராயிரம் பெட்டிகள் கை மாறுகின்றன. 2,805 அறைகளில் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, தலையணை உறை போட்டு முடிக்க வேண்டும். வாரம் முழுவதற்குமான காய்கறியும் இறைச்சியும் மாவும் பக்கவாட்டுக் கதவுகள் வழியாக ஏறுகின்றன. போன வாரத்துக் குப்பை அதே பக்கத்தில் இறங்குகிறது. எரிவாயுக் கப்பல் பக்கத்தில் வந்து நின்று எரிபொருள் நிரப்புகிறது.

இதைச் செய்ய விமான நிலையம் அருகில் வேண்டும், பேருந்து நிற்க இடம் வேண்டும், கடவுச்சீட்டுப் பார்க்கும் அதிகாரிகள் போதுமான எண்ணிக்கையில் வேண்டும். உலகில் இந்த வேலையை வாரந்தோறும் தடுமாறாமல் செய்யும் துறைமுகங்கள் மிகக் குறைவு. அவற்றில் நல்ல நாட்களை ஏற்கெனவே பெரிய நிறுவனங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. வாரப் பயணமாக ஆண்டு முழுதும் ஓட்டினால் ஒரே கப்பலுக்கு 2.9 லட்சம் பயணிகளைப் பிடித்தாக வேண்டும். எட்டுக் கப்பல் நிறுவனத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை.

இடம் மாற முடியாத கப்பல்

ஹோட்டல் கட்டியவருக்கு இல்லாத ஒரு வசதி கப்பல் வைத்திருப்பவருக்கு உண்டு. ஊர் கெட்டால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். என் பார்வையில் கப்பல் என்ற சொத்தின் அடிப்படை மதிப்பே இதுதான். ஒவ்வொரு பத்தாயிரம் டன் கூடும்போதும் இந்த மதிப்பிலிருந்து கொஞ்சம் கழிகிறது. ஆனால் கட்டும் தளத்தோடு போடும் ஒப்பந்தத்தில் அந்தக் கழிவுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஒயாசிஸ் பின்லாந்தின் துர்க்கு நகரில் கட்டி முடிந்து பால்டிக் கடலை விட்டு வெளியே வந்த இரவை நினைத்துப் பாருங்கள். வழியில் டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலம். அடியில் 65 மீட்டர் இடைவெளி. கப்பலோ நீர்மட்டத்துக்கு மேலே 72 மீட்டர். புகைபோக்கிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதி முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது. அதுவும் போதாதென்று வேகத்தைக் கூட்டினார்கள். ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போகும் கப்பல் சற்றே கீழே அமிழும் என்பதால், அந்தக் கொஞ்சமும் உதவட்டும் என்று. கப்பலின் உச்சிக்கும் பாலத்துக்கும் இருந்த இடைவெளி இரண்டடிக்கும் குறைவு. மாலுமிகளின் திறமைக்குத் தலைவணங்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு அந்தக் காட்சியில் பார்க்க வேண்டியது வேறு. பிறந்த தளத்திலிருந்து வெளியே வரவே இவ்வளவு பாடுபட்ட கப்பல், முப்பது ஆண்டுகளில் எத்தனை துறைமுகங்களுக்குள் நுழைய முடியும்?

ஃப்ளோரிடாவிலேயே டாம்பா துறைமுகத்துக்குப் போகும் வழியில் சன்ஷைன் ஸ்கைவே பாலம் இருக்கிறது. அதன் அடியில் ஏறக்குறைய 55 மீட்டர்தான். அங்கிருந்து ஓட்ட நினைப்பவருக்குச் சிறிய, பழைய கப்பல்கள்தான் வழி.

பாலம் இயற்பியல் தடை. அதை முன்கூட்டியே அளந்துவிடலாம். ஊர்மக்களின் மனம் மாறுவதை அளக்க முடியாது. 2019 ஜூனில் எம்.எஸ்.சி. ஓபரா, வெனிஸில் துறை மீதும் அங்கே நின்ற சுற்றுலாப் படகின் மீதும் மோதியது. 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூதெக்கா கால்வாயில் நுழையத் தடை வந்தது. அமெரிக்காவின் பார் ஹார்பர் மக்கள் 2022-இல் வாக்களித்து நாளொன்றுக்கு ஆயிரம் பயணிகள் என்று வரம்பு போட்டார்கள். அலாஸ்காவின் ஜூனோவில் முதலில் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்றார்கள். பிறகு 2026 முதல் படுக்கைகளின் எண்ணிக்கைக்கே வரம்பு: நாளுக்கு 16,000, சனிக்கிழமை 12,000. சாண்டோரினியில் நாளுக்கு 8,000 பேர். பார்சிலோனா 2030-க்குள் ஏழு முனையங்களை ஐந்தாகக் குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்த வரம்புகளைக் கவனியுங்கள். பல இடங்களில் எண்ணப்படுவது தலைகளும் படுக்கைகளும். ஒரே நாளில் ஒரே கப்பலில் ஆறாயிரம் பேரை இறக்குபவர்தான் முதலில் அடிபடுவார். நான் அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்குள் காலை ஒன்பது மணிக்கு அந்த ஊரைவிடப் பெரிய கூட்டம் இறங்கினால் யாருக்கும் மூச்சு முட்டும்.

அரசியலும் கடலை மூடும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு பால்டிக் பயணங்களின் உயிர்நாடியாக இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஒரே நாளில் வரைபடத்திலிருந்து போனது போலானது. 2023 கடைசியில் செங்கடல் பாதை ஆபத்தானதும் பல பயணங்கள் ரத்தாயின. சில கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. இப்படிப்பட்ட நேரத்தில் மூவாயிரம் பேர் கப்பலுக்கு மாற்று ஊர் தேடுவது எளிது.

பழுது வந்தாலும் இதே கதைதான். 2019 ஏப்ரல் முதல் தேதி, பஹாமாஸின் உலர்துறையில் பராமரிப்பில் இருந்த ஒயாசிஸ் மீது பளுதூக்கி ஒன்று சரிந்தது. எட்டுப் பேர் காயமடைந்தார்கள், துறையும் சேதமானது. அக்கம்பக்கத்தில் அவ்வளவு பெரிய கப்பலைத் தாங்க வேறு உலர்துறை இல்லாததால் அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினின் காடிஸ் வரை போய்ப் பழுது பார்த்தார்கள். மூன்று பயணங்கள் ரத்து. இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் வைத்திருந்த நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது. தன் படுக்கைகளில் நான்கில் ஒரு பங்கை ஒரே கப்பலில் வைத்திருக்கும் நிறுவனம் என்ன செய்யும்?

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை. 2019 மார்ச் 23-இல் நார்வே கடற்கரையை ஒட்டி 'வைக்கிங் ஸ்கை' புயலில் இயந்திர சக்தியை இழந்தது. மசகு எண்ணெய் அளவு குறைவாக இருந்தது. அலையில் கப்பல் ஆடியபோது இயந்திரங்கள் அணைந்தன. கப்பலில் 1,373 பேர். அந்தக் கடலில் உயிர்காப்புப் படகை இறக்க முடியாது. ஹெலிகாப்டர்கள் இரவு முழுக்கப் பறந்து, ஒவ்வொருவராகக் கயிற்றில் தூக்கி, 479 பேரைக் கரை சேர்த்தன. மறுநாள் கப்பல் தன் சக்தியிலேயே துறைமுகம் சேர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

ஒரு நாட்டின் நல்ல மீட்புப் படை, கரைக்கு மிக அருகில், அத்தனை மணி நேரத்தில் தூக்கியது 479 பேரை. ராட்சதக் கப்பலில் ஊழியர்களோடு சேர்த்து உச்சமாகப் பத்தாயிரம் பேர் அளவுக்கு இருப்பார்கள். 2010-க்குப் பிந்தைய சர்வதேச விதிகள், விபத்துக்குப் பிறகும் கப்பல் தானே துறைமுகம் திரும்பும்படி இயந்திரங்களைப் பிரித்து அமைக்கச் சொல்கின்றன. கப்பலே சிறந்த உயிர்காப்புப் படகு என்பது அதன் சாரம். புதிய ராட்சதக் கப்பல்கள் அந்த வகையில் பழையவற்றைவிடப் பாதுகாப்பானவை என்றே நம்புகிறேன். ஆனாலும் கப்பலைக் கைவிட வேண்டிய நாள் வந்தால், அத்தனை பேரை ஏற்றிக்கொள்ளத் தக்க உதவி எந்தக் கடலில் பக்கத்தில் இருக்கும் என்ற கேள்வியை இயக்குநர் குழு சத்தமாகக் கேட்டாக வேண்டும்.

சிறியதும் பழையதும்

இந்த இரண்டு வழிகளையும் சற்று வேகமாகக் கடக்கிறேன். நல்ல வழிகள்தான், ஆனால் நாம் பேசும் நிறுவனத்துக்கு முழு விடை ஆகாதவை.

சிறிய கப்பலுக்கு வைக்கிங்கைவிட நல்ல உதாரணம் இல்லை. 47,800 டன், 930 பயணிகள். ஒரே வரைபடத்தை வைத்துத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். ஒரு கப்பலில் வேலை பழகியவர் இன்னொன்றில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். சூதாட்ட அரங்கு இல்லை, குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. யாருக்காகக் கட்டுகிறோம் என்பதில் துளியும் குழப்பம் இல்லை. நிறுவனம் 2024 மே மாதம் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த வகைப் பயணி ஊர் பார்க்க வருபவர், வயதில் மூத்தவர், கூடுதல் கட்டணம் தருபவர். குடும்பங்களுக்கு விற்றுப் பழகிய நிறுவனம் ஒரு கப்பலைச் சிறிதாக்கியதும் அவர் வந்துவிட மாட்டார். அதற்கு வேறு பெயர், வேறு விற்பனைப் படை, பத்தாண்டுப் பொறுமை வேண்டும். சிறியது என்பதால் விதிகளிலிருந்து தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள நார்வேயின் ஃபியோர்டுகள் எனும் குறுகிய கடல்நுழைவுகளில் மாசு வெளியிடாத கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி என்ற விதி 10,000 டன்னுக்குக் கீழே உள்ளவற்றுக்குத்தான் முதலில், 2026 முதல், வருகிறது. பெரியவற்றுக்கு 2032 வரை அவகாசம்.

புதுப்பிப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த வழி. 2005-இல் ராட்டர்டாமில் 'என்சான்ட்மென்ட் ஆஃப் தி சீஸ்' கப்பலை நடுவில் குறுக்காக அறுத்தார்கள். இரண்டு பாதிகளையும் விலக்கி, வேறிடத்தில் தயாராகக் கட்டி வைத்திருந்த 22 மீட்டர் துண்டை இடையில் செருகினார்கள். ஆயிரக்கணக்கான குழாய்களையும் கம்பிகளையும் இருபுறமும் இணைத்துப் பற்றவைத்தார்கள். 151 அறைகள் கூடின. எம்.எஸ்.சி. தன் லிரிக்கா வகைக் கப்பல்கள் நான்கையும் பலேர்மோவில் இப்படியே தலா 24 மீட்டர் நீட்டியது. முதல் பத்தியில் சொன்ன 'கார்னிவல் டெஸ்டினி'யும் 2013-இல் 15.5 கோடி டாலரில் உருமாறி 'கார்னிவல் சன்ஷைன்' ஆனது. புதிய ராட்சதத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் இதில் ஒரு பெரிய தடை இருக்கிறது. புதிய கப்பலுக்கு, கட்டும் நாட்டின் அரசு தன் ஏற்றுமதிக் கடன் நிறுவனம் வழியாக உத்தரவாதம் தருகிறது. பின்லாந்தில் ஃபின்வேரா, இத்தாலியில் சாச்சே. விலையில் 80 சதவீதம் வரை, 12 ஆண்டுத் தவணையில், சந்தையில் கிடைப்பதைவிடச் சாதகமான கடன். பழைய கப்பலை இப்படிப் புதுப்பிக்க இந்தச் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை. நிறுவனங்கள் பெரிய புதிய கப்பல்களின் பக்கம் சாய்வதற்குப் பயணிகளின் ஆசை மட்டும் காரணமல்ல. கடன் அந்தப் பக்கம்தான் மலிவாக ஓடுகிறது. மேலும் பழைய இயந்திரம் குடிக்கும் எரிபொருளுக்கு ஐரோப்பாவில் இப்போது தனிக் கட்டணம். 2024-இல் வெளியிட்ட கார்பனில் 40 சதவீதத்துக்கும், 2025-க்கு 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுவதற்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஐந்தாறு ஆண்டு காத்திருக்கப் புதுப்பித்தல் உதவும். பதினைந்து ஆண்டுக்கு அது வழி அல்ல.

இரண்டு நடுத்தரக் கப்பல்கள்

இந்த வழியின் பலவீனத்தை முதலில் சொல்கிறேன். 1.3 லட்சம் டன் என்பது எளிதில் இரண்டும் கெட்டான் ஆகிவிடும். ராட்சதக் கப்பலின் நீர்ச்சறுக்குக்குப் பக்கத்தில் இதன் நீச்சல் குளம் சாதாரணமாகத் தெரியும். சிறிய கப்பலின் அமைதியும் இதில் இல்லை. ஒரு படுக்கைக்கான கட்டும் செலவும் ஓட்டும் செலவும் ராட்சதக் கப்பலைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டு கேப்டன்கள், இரண்டு இயந்திர அறைகள். கரீபியனில் ஐகானுக்குப் பக்கத்துத் துறையில் நிறுத்தி, அதே குடும்பத்தை அதே விலைக்கு இழுக்கப் பார்த்தால் தோற்றுவிடும்.

ஆகவே யாருக்கு என்பதை இரும்பு வெட்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். விர்ஜின் வாயேஜஸ் 1.1 லட்சம் டன்னில் 2,770 பேரை ஏற்றுகிறது, பெரியவர்கள் மட்டும். ஒருவருக்கான இடம் ஐகானைவிடக் குறைவுதான். ஆனால் குழந்தைகள் இல்லாத கப்பல் என்ற ஒரு முடிவு அதற்குத் தனி முகம் கொடுத்துவிட்டது. செலிப்ரிட்டியின் 'எட்ஜ்' 1.3 லட்சம் டன், 2,900 பேர் அளவு. கப்பலின் வெளிப்பக்கத்தில் தளத்துக்குத் தளம் ஏறி இறங்கும் மேடை ஒன்றை வைத்தார்கள். கீழே இருக்கும்போது கரைக்குப் போகும் படகில் ஏறும் இடம், மேலே போனால் கடல் மேல் தொங்கும் உணவகம். அளவை வைத்து விளம்பரம் செய்ய முடியாதவர்கள் இப்படித்தான் யோசிக்க வேண்டும். இந்த 'எட்ஜ்' இருப்பது ராயல் கரீபியன் குழுமத்தில்தான் என்பதும் கவனிக்கத்தக்கது. ராட்சதக் கப்பலைக் கண்டுபிடித்தவர்களே எல்லாக் கடலுக்கும் அதை அனுப்புவதில்லை.

அந்த அளவுக் கப்பல் 300 மீட்டர் சொச்ச நீளம், 39 மீட்டர் அகலம். 2016-இல் திறந்த பனாமா கால்வாயின் புதிய மடைகளில் தாராளமாகப் போகும். கோடையில் அலாஸ்கா, குளிரில் கரீபியன் என்று மாற்றலாம். ஓர் ஊர் வரம்பு போட்டால் பக்கத்து ஊர் தாங்கும். இரண்டில் ஒன்று பழுதானால் மற்றொன்று ஓடும். கைமாற்றி விற்க நேர்ந்தாலும் வாங்குபவர் கிடைப்பார். இரண்டு லட்சம் டன் கப்பலைப் பழையதாக வாங்கி ஓட்டக்கூடிய நிறுவனங்களை விரல்விட்டு எண்ணலாம்.

விற்க ஆளில்லாத ராட்சதம் எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மனியின் விஸ்மார் சாட்சி. அங்கே எம்.வி. வெர்ஃப்டன் தளத்தில் கென்டிங் ஹாங்காங் நிறுவனத்துக்காக 2.08 லட்சம் டன்னில் 'குளோபல் ட்ரீம்' எழும்பிக்கொண்டிருந்தது, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளுக்காக. 2022 ஜனவரியில் தளம் நொடித்தது, அதே மாதம் கென்டிங்கும் விழுந்தது. கட்டி முடியாத கப்பல் அந்த ஊரில் அப்படியே நின்றது. அந்த ஆண்டு நவம்பரில் டிஸ்னி வாங்கி, பயணிகள் எண்ணிக்கையை 6,700 அளவுக்குக் குறைத்து, சிங்கப்பூருக்கென மாற்றி 'டிஸ்னி அட்வென்ச்சர்' என்று பெயர் வைத்தது. டிஸ்னிக்கு அது நல்ல வாய்ப்பு. முதலில் ஆர்டர் செய்தவருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

கட்டும் தளத்தின் உடல்நலமும் நம் கணக்கில் சேர வேண்டும். பெரிய குரூஸ் கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் ஐரோப்பாவில் இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, பின்லாந்து என்று நான்கு நாடுகளில் இருக்கிறார்கள். சீனா 2023-இல் 'அடோரா மேஜிக் சிட்டி'யோடு உள்ளே வந்தது. விலை ஒப்பந்தத்தில் நிலையானது, பணத்தில் ஐந்தில் நான்கு பங்கு டெலிவரியின்போதுதான் கிடைக்கும். இரும்பும் மின்சாரமும் விலையேறியபோது இந்த முறை ஜெர்மனியின் மேயர் வெர்ஃப்டையே சாய்க்கப் பார்த்தது. 2024 செப்டம்பரில் ஜெர்மன் அரசும் லோயர் சாக்சனி மாநிலமும் சேர்ந்து ஏறக்குறைய 80 சதவீதப் பங்குகளை எடுத்துக் காப்பாற்றின.

நம் நிறுவனத்தின் தவணையையும் போட்டுப் பார்ப்போம். இருநூறு கோடி டாலர் ராட்சதக் கப்பல், 80 சதவீதக் கடன், 24 அரையாண்டுத் தவணை. வட்டியை விட்டுவிட்டாலும் ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் 6.6 கோடி டாலருக்கு மேல். கப்பல் ஓடினாலும் கட்ட வேண்டும், 2020-ஐப் போல நங்கூரமிட்டு நின்றாலும் கட்ட வேண்டும். இரண்டு கப்பல்களாகப் பிரித்தால் முதலாவதை உறுதியாகவும் இரண்டாவதை விருப்ப உரிமையாகவும், அதாவது வேண்டுமென்றால் மட்டும் வாங்கும் உரிமையாகவும், எழுதலாம். முதல் கப்பல் எப்படி நிரம்புகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் அளவுக்கு அந்த உரிமையின் காலம் நீளாமல் போகலாம். ஆனால் முன்பதிவு எப்படி வருகிறது என்று பார்க்கும் அளவுக்காவது நீட்டச் சொல்லிப் போராட வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கே இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சந்தை வளர்கிறது என்பதை மறுக்கவில்லை. 2019-இல் 2.97 கோடியாக இருந்த உலகக் குரூஸ் பயணிகள் 2024-இல் 3.46 கோடி. ராட்சதக் கப்பல்கள் புதியவர்களைக் கடலுக்கு அழைத்து வருகின்றன. அவர்களில் சிலர் இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வேறு வகைக் கப்பல் தேடுவார்கள். அவர்களுக்காகக் காத்திருப்பது நல்ல வியாபாரம் என்பது என் கணிப்பு.

எந்த நிலையில் என் முடிவை மாற்றிக்கொள்வேன் என்றால், நிறுவனத்திடம் பெரிய விமான நிலையம் உள்ள நகரில் வாரக்கடைசியில் நிறுத்த நீண்டகால உரிமையுள்ள முனையமும், அங்கிருந்து ஒரு நாள் தூரத்தில் சொந்தத் துறையும் ஏற்கெனவே இருந்தால். இரண்டும் கையில் இருந்தால் ராட்சதத்துக்கே கையெழுத்துப் போடச் சொல்வேன். ஒன்று மட்டும் இருந்தால் போதாது. வந்துவிடும் என்ற வாக்குறுதியும் போதாது.

எந்த அளவானாலும் இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய பெரிய ஆர்டர்கள் பல திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. அந்த இயந்திரங்களில் எரியாமல் காற்றில் நழுவும், புவியைச் சூடாக்கும் மீத்தேனை ஐரோப்பிய விதி எரிபொருளில் 3.1 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறது. 2024-இல் வெளியான ஓர் அளவீட்டு ஆய்வில் இந்த வகை இயந்திரங்களில் சராசரி 6.4 சதவீதம் வந்தது. 2026 முதல் அந்த மீத்தேனுக்கும் கட்டணம். ஒப்பந்தத்தில் நழுவும் அளவுக்கு ஓர் உச்சவரம்பும், பின்னாளில் மெத்தனால் எரிபொருளுக்கு மாற்றத் தேவையான தொட்டி இடமும் எழுத்தில் வேண்டும். 2033-இல் வரும் கப்பல் 2063 வரை ஓட வேண்டியிருக்கும்.

அவ்வளவு காலம் ஓடிய கப்பல்கள் கடைசியில் எங்கே போகின்றன என்பதற்கும் ஒரு விடை இருக்கிறது. முதல் வரியில் சொன்ன சாவரின் 32 ஆண்டுகள் ஓடியது, இடையில் வேறு நிறுவனத்துக்குப் போய், அங்கேயும் சம்பாதித்துக் கொடுத்தது. 2020-இல் துருக்கியின் அலியாகா கடற்கரையில் உடைக்கக் கொண்டுபோகும் வரை, அதை ஏற்றுக்கொள்ள எங்கோ ஒரு துறைமுகம் இருந்துகொண்டே இருந்தது.